சவுனாவில் வெந்த கார்டு

என் வலது முழங்கால்தான் அந்த கிராபிக்ஸ் கார்டைக் கொன்றது. வேண்டுமென்று செய்யவில்லை. யாம்சாவுக்கு வடக்கே ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. ஒரு பக்கம் பைன் மரம், மறுபக்கம் ஏரி. அந்த வேகத்தில் முழங்கால் எங்கே போகிறது என்று யார் கவனிப்பார்கள்? அது போய் சவுனா அடுப்பின் திருகில் இடித்துவிட்டது.

வளைவு கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. சவுனா என் வீட்டில் இருந்தது. நான் இரண்டிலும் இருந்தேன்.

எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் குளியலறையை ஒட்டி கல்லடுப்புச் சூட்டில் வியர்த்துக் குளிக்க ஆளுயரப் பெட்டி மாதிரி ஒரு சவுனா கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தனியாக இருப்பவர்கள் அதில் குளிப்பது குறைவு. பனிச்சறுக்குக் கட்டை, கிறிஸ்துமஸ் விளக்கு, காலி பாட்டில், விட்டுப் போன மருமகனின் மீன்பிடி பூட்ஸ் எல்லாம் அங்கேதான் கிடக்கும். நான் அதில் ஒரு ரேலி பந்தயக் கார் வைத்திருந்தேன். உட்காரும் பலகைப் படிகளில் கீழ்ப்படியில், உடைப்பதற்குப் போன ஒரு காரிலிருந்து கழற்றிய இருக்கை, கால் பக்கம் பெடல், கைக்கு ஸ்டீயரிங், எதிர்ச் சுவரில் திரை. கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் தலைக்குப் பின்னால் மேல்படியில். கனமான கதவு, சுவர் முழுக்க மரப்பலகை. கூரையோரம் காற்றுக்கு ஒரு சின்னத் துவாரம் தவிர இண்டு இடுக்கு கிடையாது. எஞ்சினை எவ்வளவு உறும விட்டாலும் சத்தம் வெளியே போகாது என்று எனக்கு ஒரு பெருமை. என் தலைக்கு நேர் மேல்மாடியில் இருப்பவர் மைரே. குடியிருப்புச் சங்கத்தின் தலைவர். யாராவது கம்பளத்தைத் தட்டக் கூடாத நேரத்தில் தட்டினால் கீழே இறங்கி வந்து கம்பளத்தையும் ஆளையும் ஒரு பார்வை பார்ப்பார். அவரே என்னைப் பற்றி ஒரு நாளும் புகார் சொன்னதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருகு பொல்லாதது. லேசாகத் திருப்பினால் அடுப்பு உடனே காயும். நன்றாகத் திருப்பினால் சில மணி நேரம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு காயும். வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு அது வசதி. என் முழங்கால் நன்றாகத் திருப்பியிருக்கிறது. எனக்குத் தெரியாது. ஓட்டி முடித்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பெட்ரோல் பங்க் காபிக்கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் வீடு முழுக்க இளம் பைன் வாசனையும் எரிந்த செருப்பு வாசனையும் கலந்து அடித்தது. மேல்படியில் எண்பது டிகிரி. நல்லவேளை, அடுப்புக் கற்களின் மேல் நான் எதையும் உலர்த்தி வைத்திருக்கவில்லை. தீப்பிடிக்காததற்குக் கடவுளுக்கு ஒரு நன்றி. இந்தக் கதையில் அதுதான் முதல் நன்றி.

கம்ப்யூட்டரின் மற்ற உறுப்புகளெல்லாம் எப்படியோ பிழைத்தன. கார்டு மட்டும் போய்விட்டது. அதன் மூன்று விசிறிகளும் வதங்கிய கீரை மாதிரித் தொங்கின.

பெரிய கார்டு அது, அதன் காலத்தில். அதை ஓட்டினால் மாடிப்படி விளக்கு மங்கும். அதன் அனல் காற்றில் நான் இரண்டு இலையுதிர்காலம் காளான் உலர்த்தியிருக்கிறேன். குளியலறைச் சன்னலுக்கு வெளியே நிற்கும் பிர்ச் மரம் ஊரிலுள்ள மற்ற பிர்ச்களைவிட முன்னாலேயே துளிர்க்கும். தாவரவியல் படித்த ஒருவர் வந்து பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி மரத்துக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். விசிறி முழு வேகத்தில் சுற்றினால், ஏப்ரலில் வடக்கே பறக்கும் அன்னங்கள் கூட்டத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் போகும்.

கார்டு போனதற்காக நான் வருந்தியிருக்க மாட்டேன். அஹ்திக்காகத்தான் வருந்தினேன்.

அஹ்தி என் பாதை வாசிப்பவன். ரேலியில் ஓட்டுகிறவனுக்குக் கை இருந்தால் போதும்; வாய் பக்கத்து இருக்கையில் இருக்கும். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எண்ணில் எவ்வளவு கூர்மை, நேர்ச்சாலை எத்தனை மீட்டர், மேட்டுக்கு அந்தப்புறம் என்ன என்று அவன் குறிப்பைப் பார்த்து வாசித்துக்கொண்டே வருவான். அவன் இல்லாவிட்டால் நான் வேகமாக மரத்தில் மோதும் ஒரு கிழவன், அவ்வளவுதான். எழுபத்தெட்டாம் வருடம் யாம்சாவில் ஒரு மேட்டில் நாங்கள் தாவிய தாவலில், தரை திரும்பி வருவதற்குள் அஹ்தி இரண்டு பக்கம் வாசித்து, ரை ரொட்டியைப் பிரித்து, வெள்ளரித் துண்டு பிடிக்கவில்லை என்று எடுத்து வெளியே போட்டான். பிறகு உருளைக்கிழங்கு வயலில் இறங்கினோம். வெள்ளரித் துண்டு எங்களுக்குப் பின்னால் வந்து விழுந்தது.

போன வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பிவிட்டது. சொற்கள் திரும்பவில்லை. "ஆமா" ஒன்று, பிறகு ஒரு கெட்ட வார்த்தை ஒன்று, இரண்டுதான் மிச்சம். அவன் மகள் சிர்க்கா அவனை ஔலு நகரத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒருநாள் அவனுக்குப் பொழுதுபோகட்டும் என்று நான் ஓட்டுகிற திரையை அப்படியே அவன் திரைக்கும் அனுப்பினேன். யாரோ புண்ணியவான்கள் எங்கள் பழைய யாம்சா மண்சாலையைக் குழி மாறாமல் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் வளைவு வந்தது. அங்கே, ஔலுவில், தெளிவாக ஒரு குரல்: "இடது அஞ்சு. நீளம்."

சிர்க்கா கையிலிருந்த கோப்பையைப் போட்டுவிட்டாள். எனக்கு இங்கே கேட்டது.

அன்றிலிருந்து தினமும் மதியக் காபிக்குப் பிறகு ஓட்டம். அவன் வாசிப்பான், நான் ஓட்டுவேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள், பாட்டும் ஜெபமும் வசவும் மாதிரி இந்த வாசிப்பும் மூளையில் வேறு அறையில் இருக்கிறது, அந்தக் கதவைத் திறந்தே வையுங்கள், அது வழியாக மற்றதும் ஒருநாள் வரலாம் என்று சொல்லியிருந்தார். இந்த நேரத்தில்தான் என் முழங்கால் கதவைச் சாத்தியது.

சிர்க்காவுக்கு சவுனாவில் உட்கார்ந்தபடியே போன் செய்தேன்.

"கார்டு செத்துப்போச்சு கண்ணு," என்றேன்.

"எந்தக் கார்டு, மாமா?"

"படம் வரைற கார்டு. வெந்துபோச்சு."

"வெந்துபோச்சா? எதுல?"

"சவுனாவுல."

"கார்டை ஏன் மாமா குளிப்பாட்டுனீங்க?"

நான் முன்னே ஓட்டியதைப் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைப் போட்டுக் காட்டச் சொன்னேன். அவள் காட்டினாள். அஹ்தி இரண்டு வளைவு பார்த்துவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் அந்தக் கார் திரும்பத்தான் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாரக் கடைசியில் சிர்க்கா மறுபடி கூப்பிட்டாள்.

"மாமா, 'இடது' சொல்றாரு. 'வலது' சொல்றாரு. 'மேடு' வர மாட்டேங்குது. வாயத் தெறந்து நிக்கிறாரு. கொஞ்சம் சீக்கிரம் பாருங்களேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஓய்வூதியக்காரன் வாங்கக்கூடியது நடுவாந்தரமான ஒரு கார்டு. அதுவும் ஒன்றே ஒன்று. எதை வாங்குவது என்று காபிக்கடையில் கேட்டேன். அங்கே சூலோவும் அவன் மைத்துனன் கவுனோவும் சன்னலோர மேசையில் இருப்பார்கள். ஒரு டிராக்டர் விஷயமாக ஒருவர் பேச்சை ஒருவர் ஒத்துக்கொள்வதை நிறுத்தி ரொம்பக் காலம் ஆகிறது. கார்டுகளில் சிவப்புக் கம்பெனி ஒன்று, பச்சைக் கம்பெனி ஒன்று இருக்கிறது என்று நான் சொன்னதுதான் தாமதம்.

"சிவப்புதான். போட்டா போட்டபடி கெடக்கும்," என்றான் சூலோ.

"கெடக்கும். எந்திரிக்காது," என்றான் கவுனோ. "பச்சைய வாங்குடா."

"உன் பச்சை டிராக்டர் இன்னும் என் வயல்லதான் நிக்குது."

"அது ஓய்வெடுக்குது."

"ஏம்ப்பா, உங்க ரெண்டு பேர்கிட்டயும் கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டேன்.

இருவரும் காபியைப் பார்த்தார்கள். "கம்ப்யூட்டர் இல்ல," என்றான் கவுனோ. "அபிப்பிராயம் இருக்கு."

கம்ப்யூட்டர் பாகம் விற்கும் யார்க்கோவின் கடைக்குப் போனேன். முன்பு வங்கியாக இருந்த இடம். கார்டுகளை அவன் பழைய பணப்பெட்டக அறைக்குள் வைத்திருக்கிறான். தாடி மார்பு வரை.

"கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ள நீளம் எவ்வளவு இருக்கு, பெரியவரே?"

"ஒரு நல்ல பெர்ச் மீன் படுக்கலாம். வால மடிக்கணும்."

அவன் எங்கள் ஊர்க்காரன். அதைத் தாளில் சென்டிமீட்டராக எழுதிக்கொண்டான். பவர் சப்ளை எவ்வளவு தாங்கும், திரை எவ்வளவு பெரிசு என்று கேட்டான். சொன்னேன்.

"அப்ப உசந்த கார்டு எதுவும் வேணாம். அதப் போட்டா உங்க பவர் சப்ளை ராஜினாமா பண்ணிடும். நடுவுல ரெண்டு இருக்கு." இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தான். "இது வேகம். நொடிக்கு நூறு படம்னு ஃப்ரேம் கொட்டும். ஆனா மெமரி எட்டு ஜிபி. அது கொஞ்சம் நிதானம். மெமரி பதினாறு."

"எது நல்லது?"

"எதுக்காக ஓட்டறீங்கங்கிறதப் பொறுத்து."

"ஒருத்தனப் பேச வைக்க."

யார்க்கோ தாடியைச் சொறிந்தான். அஹ்தியைப் பற்றிச் சொன்னேன். ரொம்ப நேரம் சொறிந்தான். "நெட்ல எல்லாரும் ஒரு நொடிக்கு எத்தனை ஃப்ரேம்னுதான் அளக்கறாங்க, பெரியவரே. இத யாரும் அளந்து பாக்கல. எனக்கே தெரியல. பெட்டியத் திறந்துட்டா நான் திரும்ப எடுத்துக்க முடியாது. தெரியாம உங்க தலையில கட்ட மனசு வரல."

இன்னொரு கடைக்காரன் என்றால் விலை கூடினதை விற்றிருப்பான். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதற்கு அவனுக்கு ஒரு நன்றி. நான் "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்தில் அதற்கு "வேண்டாம்" என்று பொருள். அன்றைக்கு நிஜமாகவே யோசித்தேன்.

வீட்டுக்கு வந்து சவுனாவுக்குள் செத்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அதனிடமே உரக்கக் கேட்டேன். "எட்டா, பதினாறா? வேகமா, நிதானமா? தப்பானத வாங்கிட்டா அஹ்தி வாய் மூடிடும். நான் என்ன பண்ணட்டும்?" அது பதில் சொல்லவில்லை. தனியாக இருப்பவன் தன் சவுனாவில் என்ன வேண்டுமானாலும் பேசலாம், கேட்க ஆளில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் வெளிப்பக்கக் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது.

இது எங்கள் கட்டடத்தில் ஆகஸ்ட் மாத வழக்கம். தோட்டத்தில் சுரைக்காய் மாதிரி ஒன்று அளவுக்கு மீறிக் காய்த்துவிடும். யாருக்கும் முகம் காட்டாமல் ஆளுக்கொரு கைப்பிடியில் மாட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். கொடுப்பவர் யார் என்று கண்டுபிடிப்பது நாகரிகமில்லை. ஆனால் இது மார்ச். வெளியே இடுப்பளவு பனி. பைக்குள்ளே ஒரு கிராபிக்ஸ் கார்டு இருந்தது.

சென்ற நூற்றாண்டின் கார்டு. அதை அருங்காட்சியகத்தில் காட்டினால் கண்ணாடிப் பெட்டி கொடுப்பார்கள். மதியம் இன்னொரு பை: அது படம் வரையும் கார்டு இல்லை, பாட்டுப் பாடும் கார்டு. சாயங்காலம் ஒரு பை: அதில் பல்பொருள் அங்காடியின் வாடிக்கையாளர் அட்டையும் புகைபோட்ட வெள்ளைமீன் ஒன்றும். யாரோ கார்டு என்றால் கார்டுதானே என்று நினைத்திருக்கிறார்கள். மீன் அருமையாக இருந்தது. இந்தக் கட்டடத்தில் பல வருடமாகக் குடியிருக்கிறேன். லிஃப்டில் "மொய்" என்று வணக்கம் சொல்வதற்கு மேல் யாரும் யாரோடும் பேசியதில்லை. இவர்களுக்கெல்லாம் எப்படித் தெரிந்தது? யார்க்கோவின் தாடிக்குள் ரகசியம் தங்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் இரண்டு பைகள். ஒன்றில் கம்பளிக் காலுறைக்குள் யார்க்கோ காட்டிய அதே ரகத்தில் வேகமான எட்டு ஜிபி கார்டு. இன்னொன்றில் பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி அந்த நிதானமான பதினாறு. தூசி துளிகூட இல்லை; யாரோ தூரிகை வைத்துத் துடைத்திருக்கிறார்கள். இந்த இரண்டும் பரணில் கிடந்த பொருள் இல்லை. நேற்றுவரை யாருடைய கம்ப்யூட்டரிலோ ஓடிக்கொண்டிருந்தவை. இந்தக் கட்டடத்தில் இரண்டு பேர் இன்றைக்கு இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குக் கொஞ்ச நேரம் கதவைச் சாத்தத் தோன்றவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

முதல் வேலையாக அடுப்பின் பியூஸைப் பிடுங்கினேன். பிறகு வேகமான கார்டைப் போட்டேன். சிர்க்காவை வீடியோவில் கூப்பிட்டேன்.

படம் வந்தது பாருங்கள், அப்படி ஒரு படம்! பிர்ச் இலை ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. ஒரு இலையில் பூச்சி அரித்த ஓட்டை தெரிந்தது. கார் பறந்தது. அஹ்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். "இடது அஞ்சு. நீளம். நூறு. வலது நாலு." பல நாள் துருவேறின குரல், ஆனாலும் வந்தது. சாலை கிராமத்துக்குள் நுழைந்தது. வீடுகள், வேலி, பால் கேன் மேடை, கைதட்டுகிற கூட்டம். இத்தனையையும் வரைந்து, அதையே ஔலுவுக்கும் அனுப்ப வேண்டும். எட்டு ஜிபி பாத்திரம் நிரம்பி வழிந்தது. படம் நின்றது, குதித்தது, நின்றது. கண் சிமிட்டுகிற நேரம்தான். எனக்கு அது ஒன்றுமே இல்லை. வாசிக்கிறவனுக்கு அது தாளம் தப்புவது.

"இடது," என்றான் அஹ்தி. "இடது... இடது..."

பிறகு அந்தக் கெட்ட வார்த்தை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கோபம் இல்லை. வீட்டு வாசலில் நின்று பையைத் தடவிச் சாவி இல்லை என்று கண்டவனின் முகம்.

"மாமா, இன்னிக்குப் போதும்," என்றாள் சிர்க்கா.

"இன்னொன்னு இருக்கு கண்ணு. அஞ்சு நிமிஷம் குடு."

"அப்பா களைச்சுட்டாரு."

"களைச்சவன் தூங்குவான். அவன் ஹெட்போன மடியிலதானே வச்சிருக்கான்? அப்ப இன்னும் ஓட்டத்துல இருக்கான். காபி ஊத்திக் குடு."

பதினாறு ஜிபி கார்டு நீளம். பெட்டிக்குள் ஒரு விரற்கடை இடம் போதவில்லை. பெர்ச் மீனின் வாலை மடிக்கலாம், கார்டை மடிக்க முடியாது. தகரக் கத்திரியை எடுத்து உள்ளே குறுக்கே நின்ற ஒரு சட்டத்தை வெட்டி எறிந்தேன். உயிருள்ள பாகம் எதுவும் அதில் இல்லை என்று நம்பினேன். அஞ்சு நிமிஷம் என்று சொன்னது பொய்; அஹ்தி இரண்டு கோப்பை காபியும் ஒரு இலவங்கப்பட்டை ரொட்டியும் முடித்துவிட்டான்.

படம் வந்தது. முன்னதைப் போலப் பளபளப்பு இல்லை. இலைகளைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன். பூச்சி ஓட்டையெல்லாம் இல்லை. ஓடைத் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அஹ்தி ஹெட்போனை மாட்டினான். வாய் திறக்கவில்லை. முதல் வளைவு வந்தது. அவன் சொல்லாமல் நான் எப்படித் திருப்புவது? திருப்பவில்லை. நேராகப் போய்ச் சாலையோர மண்கரையில் குத்தினேன். பின்னால் எடுத்தேன். இரண்டாவது வளைவு. அதிலும் குத்தினேன்.

ஔலுவிலிருந்து ஒரு மூக்கொலி வந்தது. ஐம்பது வருடமாக எனக்குப் பழக்கமான மூக்கொலி.

"வலது நாலு," என்றான்.

திரும்பினேன்.

"அறுபது. இடது மூணு, உள்ளோரம் வெட்டாதே. வலது அஞ்சு, நீளம்."

கிராமம் வந்தது. வீடும் வேலியும் கூட்டமும் வந்தன. படம் நிற்கவில்லை. தாளம் தப்பவில்லை. அவன் குரல் சூடேறிக்கொண்டே போனது. சாலை அவன் வாயிலிருந்து வருகிறதா, கார்டிலிருந்து வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கிராமம் முடிந்து நேர்ச்சாலை. தூரத்தில் அந்த எழுபத்தெட்டாம் வருடத்து இடம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்றால் அங்கே சொல்ல வேண்டிய சொல், வராமல் போன அந்தச் சொல்.

சாலை ஏறியது.

"மேடு," என்றான் அஹ்தி. "தாவு."

தாவினேன். சந்தோஷத்தில் எங்கே இறங்குகிறோம் என்று பார்க்கவில்லை. எழுபத்தெட்டில் இறங்கிய அதே உருளைக்கிழங்கு வயலில், அதே வரிசையில் கொண்டுபோய் இறக்கினேன். கார் கவிழ்ந்து சக்கரம் வானத்தைப் பார்த்துச் சுற்றியது. கொஞ்சம் பொறுத்திருந்தால் வெள்ளரித் துண்டும் வந்திருக்கும்.

என் ஸ்பீக்கரில் அஹ்தி தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு அவன் பேசினான். எந்தக் குறிப்பிலும் இல்லாத பேச்சு.

"கேவலமா ஓட்டறே."

சிர்க்கா மூச்சு விடுவது கேட்டது. "அப்பா? அப்பா, என்ன சொன்னீங்க?"

"இவன்," என்றான் அஹ்தி. ஒவ்வொரு சொல்லாகக் கல்லைப் புரட்டுவது போலப் புரட்டினான். "கேவலமா. ஓட்டறான்." கொஞ்சம் யோசித்தான். "எப்பவும்."

அவள் சிரித்தாள், பிறகு அது வேறு மாதிரி ஆயிற்று. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். என் வாழ்நாளில் கிடைத்த பாராட்டுகளை எல்லாம் இந்த ஒரு வசவுக்கு எடை போட்டுக் கொடுத்துவிடலாம். "டேய்," என்றேன், "குறிப்பு நீ படிச்சதுடா. லேட்டாப் படிச்சே." அவன் கெட்ட வார்த்தையைச் சொன்னான். இந்தத் தடவை அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

அப்போதுதான் என் தலைக்கு மேலே யாரோ கைதட்டினார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். கூரையோரம் அந்தக் காற்றுத் துவாரம். கைதட்டல் சட்டென்று நின்றது. வேறொரு மாடியில் யாரோ இருமினார்கள். இன்னொரு மாடியில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பிறகு, தான் அங்கே வேறு காரியமாகத்தான் வந்ததாகக் காட்டுவதற்காக ஒருவர் கழிவறைத் தண்ணீரை இழுத்து விட்டார்.

எங்கள் கட்டடத்தின் எல்லாக் குளியலறைக்கும் எல்லாச் சவுனாவுக்கும் காற்றுக் குழாய் ஒன்றுதான். இத்தனை மாதமாக எஞ்சின் சத்தம், என் புலம்பல், அஹ்தியின் வாசிப்பு எல்லாம் அது வழியாகக் கீழ்மாடியிலிருந்து மொட்டைமாடி வரை போயிருக்கிறது. மதியக் காபிக்குப் பிறகு கட்டடம் முழுவதும் அஹ்தியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாள் குரல் நின்றுபோனதும் அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எட்டா பதினாறா என்று நான் கதறியதும் தெரிந்திருக்கிறது. ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. பையை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

மறுநாள் யார்க்கோவிடம் போய்ப் பதினாறு ஜிபி பெட்டியை வாங்கினேன். "பேசினாரா?" என்று கேட்டான். "என்னத் திட்டினான்," என்றேன். அவன் தாடிக்குள் சிரித்துக்கொண்டு, பெட்டியை நானே தூக்க விடாமல் வாசல் வரை தூக்கி வந்தான்.

இரவல் கார்டு இரண்டையும் வந்த காலுறையிலும் வந்த துணியிலும் சுற்றி, பையில் போட்டு, என் கதவின் கைப்பிடியிலேயே மாட்டினேன். குப்பை கொட்டிவிட்டு வருவதற்குள் இரண்டும் காணவில்லை. நன்றி சொல்ல வேண்டுமே? எங்கள் பக்கத்தில் ஒருவர் வாசலில் நின்று முகத்துக்கு நேரே நன்றி சொல்வது கிட்டத்தட்ட வழிப்பறி. கேட்பவர் ஒரு வாரம் படுத்துவிடுவார். அதனால் உறைந்த ஏரியின் பனிக்கட்டியில் துளை போட்டுப் பிடித்த சின்ன மீன்களைப் புகைபோட்டு, கட்டடத்தில் இருந்த எல்லாக் கதவின் கைப்பிடியிலும் ஒரு பை மாட்டினேன். அந்த ஏரியில் மீன் அவ்வளவு கிடைக்காது என்பார்கள். மீன்களிடம் விஷயத்தைச் சொன்னேன், தாமாக மேலே வந்தன.

அன்று சாயங்காலம் லிஃப்டில் மைரேயும் நானும் மட்டும். இருவரும் மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையில் என் மீன் பை. கட்டைவிரல் நகத்தடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ பசை ஒட்டியிருந்தது. கார்டின் சூடு இறங்குவதற்காக உள்ளே பூசுகிற பசை அது. சோப்புக்கு லேசில் போகாது. எனக்குத் தந்த கார்டைக் கொடுப்பதற்கு முன்னால் யாரோ பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதிதாகப் பூசிக் கொடுத்திருக்கிறார்கள்.

"தலைவரம்மா," என்றேன், "அந்தக் கார்டு உங்களுதா?"

"எந்தக் கார்டு?" என்றார் மைரே, எண்ணைப் பார்த்தபடி.

என் மாடி வந்தது. கதவு திறந்தது. நான் இறங்கினேன்.

"ரெய்யோ."

திரும்பினேன்.

"நாளைக்குக் கொஞ்சம் சத்தமா வைங்க. அஞ்சாவது மாடிக்காரங்களுக்கு அஹ்தி கடைசியா சொன்னது சரியாக் கேக்கலையாம்."